உயிரோடு இருக்கும் பிரிண்டருக்கு இறப்புச் சான்றிதழ்

பென்ஷன் வாங்குகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை, தான் இன்னும் செத்துப்போகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளே நேரில் வந்து கவுன்டர் முன்னால் நின்று இருமினாலும் செல்லாது. தாளில் கையெழுத்து விழ வேண்டும், இல்லையென்றால் மெஷினில் ரேகை பதிய வேண்டும். இப்படியொரு நடைமுறையைக் கண்டுபிடிக்க நம் ஊர்க் குமாஸ்தாவால்தான் முடியும் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் அந்தப் பெருமையையும் பிடுங்கிக்கொண்டன. சுவிட்சைப் போட்டால் சுற்றுகிறது, தாளை வைத்தால் இழுக்கிறது, பட்டனை அமுக்கினால் சோதனைப் பக்கத்தைப் பளிச்சென்று அடித்துத் தள்ளுகிறது. அப்படிப்பட்ட பிரிண்டரைப் பார்த்து, “நீ காலமாகிப் பல வருஷம் ஆகிறது” என்கிறது நேற்று வாங்கிய கம்ப்யூட்டர். மறுத்துப் பேச இடமில்லை. டிவைஸ் மேனேஜர் என்ற பதிவேட்டில் பிரிண்டரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் விழுந்துவிட்டது. முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. எதற்கு ஆச்சரியம் என்றுதான் தெரியவில்லை. இன்னும் உயிரோடு இருக்கிறதே என்றா?

சிவகாசியில் ஒரு டிடிபி சென்டரை எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், சீசன் வந்தால் காலண்டர். பேஜ்மேக்கரில் மேட்டர் அடித்து, கோரலில் டிசைன் செய்து, டிரேசிங் பேப்பரில் பிரின்ட் எடுத்து பிரஸ்ஸுக்குக் கொடுக்கிற கடை. இருபது வருஷத்துப் பத்திரிகைகள் அந்த சிஸ்டத்துக்குள் இருக்கின்றன. அக்காவுக்கு அடித்த பத்திரிகையில் பெயரையும் தேதியையும் மாற்றித் தங்கைக்கு அடிப்பதுதான் தொழிலின் சூட்சுமம். ஒரு நாள் காலையில் சிஸ்டம் எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் தம்பி வந்து கேபினெட்டைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, போர்டு போச்சு. கெபாசிட்டர் உப்பியிருக்கு பாருங்க.”

“அதை மட்டும் மாத்திப் போடேன்.”

“போட்டும் பாத்தாச்சு. சிப்செட்டும் அவுட்டு. இந்த சாக்கெட்டுக்கு இப்ப போர்டே வர்றதில்ல. புது சிஸ்டம்தான் அண்ணாச்சி.”

“புதுசு வாங்கினா எல்லாம் ஓடுமா?”

“சூப்பரா ஓடும்.”

தம்பி பொய் சொல்லவில்லை. யூடியூப் சூப்பராக ஓடியது. அண்ணாச்சியின் தொழில்தான் ஓடவில்லை.

முதலில் முதுகைப் பார்த்தார்கள். பழைய சிஸ்டத்தின் பின்பக்கம் இருபத்தைந்து துளையோடு அகலமாக ஒரு பேரலல் போர்ட் இருந்தது, புதியதில் இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதில்தான் செருகியிருந்தது. அதைக்கூடச் சமாளிக்கலாம், யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றுகிற கேபிள் கிடைக்கிறது. ஆனால் பிரிண்டர் கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் இன்னொன்று செருகியிருந்ததே, அதற்கு என்ன வழி? அதன் பெயர் டாங்கிள். கடையில் ‘லாக்’ என்பார்கள். தமிழ் எழுத்துருக்களையும் கீபோர்டையும் கொடுக்கிற மென்பொருளை அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அளிக்கப்பட்ட வெகுமதி அது. லாக் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அந்த யூஎஸ்பி கேபிளோ தன்னை ஒரு பிரிண்டர் கேபிள் என்று மட்டும்தான் சொல்லிக்கொள்ளும். பழைய மென்பொருள் 378 என்ற முகவரிக்கு நேரே போய் லாக்கைத் தட்டிக் கூப்பிடும். அந்த முகவரியில் இப்போது யாரும் குடியில்லை. பேரலல் போர்ட் வைத்த கார்டு ஒன்றைத் தேடி வாங்கிப் புது போர்டில் செருகினாலும் அதற்கு விண்டோஸ் பெரும்பாலும் வேறொரு முகவரியைத்தான் ஒதுக்குகிறது. மென்பொருள் 378க்கே போய்ப் பார்த்துவிட்டு, “லாக் இல்லை” என்று திரும்பி வருகிறது. லாக் மேஜை மேல் கிடக்கிறது.

இதே மென்பொருளை லாக்கை உடைத்த திருட்டு சிடியில் போட்டவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவர் கடையில் ஒரு தடங்கலும் கிடையாது, லாக் கேட்காத பதிப்பு புது சிஸ்டத்திலும் ஓடுகிறது. பில் போட்டு வாங்கியவர்தான் இன்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். பில்லில் உள்ள போன் நம்பருக்கு அடித்தால் “இந்த எண் உபயோகத்தில் இல்லை” என்று மூன்று மொழிகளில் பதில் வருகிறது. அந்தப் பெண் குரலாவது தமிழில் பேசுகிறது, அதற்கு லாக் தேவைப்படவில்லை.

அடுத்தது பேஜ்மேக்கர். 1985ல் ஆல்டஸ் கொண்டுவந்த மென்பொருள். 1994ல் ஆல்டஸை அடோபி விழுங்கியது, 2001ல் 7.0 பதிப்பு வந்தது. 2004ல், இனி இதில் வேலை செய்ய மாட்டோம் என்று அடோபி கையை உதறியது. “இன்னுமா சார் பேஜ்மேக்கர்?” என்று சிரிக்கிற வல்லுநர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் சிரிப்பது சுலபம். டிடிபி கடைக்காரர் அந்தப் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவது காதலால் அல்ல. இருபது வருஷத்து வேலை அந்தக் கோப்பு வடிவத்துக்குள் மாட்டியிருக்கிறது. அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து மாற்றிக் கொடுத்தது. பிறகு மாத வாடகைத் திட்டம் வந்தது, புதிய பதிப்புகளில் அந்த வழி அடைபட்டது. வாடகை கட்டுகிறவனுக்குக் கூடுதலாக ஒரு கதவு கிடைக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்?

பேஜ்மேக்கரையாவது தட்டிக்கொட்டி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி, காம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்பி என்று டிக் போட்டு எழுப்பிவிடுகிறார்கள். அதைவிடப் பழைய சரக்கு மொத்தமாக அடி வாங்குகிறது. 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இதில் ஒரு குரூரம் உண்டு. தொண்ணூறுகளில் வந்த எத்தனையோ மென்பொருள்கள் 32 பிட்டில் எழுதப்பட்டவை, இன்றும் ஓடக்கூடியவை. அவற்றை நிறுவிக் கொடுக்கிற செட்டப் நிரல் மட்டும் 16 பிட். ஆகவே ஆள் திடகாத்திரமாக இருக்கிறார், வாசற்படியைத் தாண்டத்தான் முடியவில்லை.

இனி கோயம்புத்தூர் பக்கம் போகலாம். லேத் பட்டறைகளிலும் சிஎன்சி மெஷின்களிலும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் போர்ட் இன்றும் உயிரோடு இருக்கிறது. லாரியை நிறுத்தி எடை போடும் வேபிரிட்ஜில், கல்லூரி ஆய்வகத்துக் கருவிகளில், மளிகை மண்டி எலெக்ட்ரானிக் தராசில், எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த மெஷின்கள் இருபது, முப்பது வருஷம் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பக்கத்தில் நிற்கிற கம்ப்யூட்டர்தான் அல்பாயுசு. புது கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி கேபிள் ஒன்றைப் போடுகிறார்கள். கேபிளின் மண்டைக்குள் ஒரு சிப் இருக்கும். தைவானின் புரோலிஃபிக் கம்பெனி செய்த பிஎல்2303 என்ற சிப் கோடிக்கணக்கில் ஊர் சுற்றியது, அதன் போலியும் கூடவே சுற்றியது. போலிகளை ஒழிக்கக் கம்பெனி கண்ட வழி: புதிய டிரைவரில் பழைய சிப்பை மொத்தமாக மறுத்துவிடுவது. கேபிளைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயர் வரும் இடத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. ‘பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் கைவிடப்பட்டது, உங்களுக்கு விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்.’ அசலைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் இதே வாசகம்தான். விற்றவர் யார்? சென்னை ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் கூடையில் கேபிளைக் குவித்து வைத்து விற்ற அண்ணன். அவரை எங்கே போய்த் தொடர்பு கொள்வது? சிப்புக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், டிரைவரின் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போடுங்கள். அதே கேபிள், அதே விண்டோஸ், அதே மெஷின். ஓடுகிறது.

புரோலிஃபிக்காவது செத்துப்போனதாக எழுதியதோடு விட்டது. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ கொலையே செய்து பார்த்தது. 2014ல் விண்டோஸ் அப்டேட் வழியாக அது அனுப்பிய டிரைவர், போலிச் சிப் என்று தனக்குப் பட்டவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றி எழுதிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கருவியை எந்தக் கம்ப்யூட்டரும் அடையாளம் காணவில்லை. உள்ளே இருப்பது போலியா அசலா என்று பட்டறைக்காரருக்கு எப்படித் தெரியும்? பெட்டியைப் பிளந்து சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டா மெஷின் வாங்குவார்? உலகமே திட்டிய பிறகு அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். திருந்தினார்களா? 2016ல் வந்த இன்னொரு டிரைவர் கருவியைக் கொல்லவில்லை. போலி என்று கண்டால், கம்பியில் போகிற தரவுக்குப் பதிலாக ‘அசலல்லாத கருவி கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் அனுப்பி வைத்தது. அந்தக் கம்பியின் மறுமுனையில் இருப்பது தராசா, இரும்பை அறுக்கிற மெஷினா என்று டிரைவருக்குத் தெரியாது. எஜமானனின் வணிக முத்திரையைக் காப்பாற்றுவதற்காக, என்னவென்றே தெரியாத ஒரு மெஷினின் காதில் வசனம் பேசுகிற மென்பொருள் இது. அப்டேட் செய்யுங்கள், அதுதான் பாதுகாப்பு என்று நமக்கு ஓயாமல் உபதேசிக்கிறார்களே, இதுவும் அந்த அப்டேட்டில்தான் வந்தது.

பழைய டிரைவரைப் போடுவதற்கும் பெரிய இடத்துக் கையெழுத்து வேண்டும். 64 பிட் விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே கையெழுத்தில்லாத கெர்னல் டிரைவருக்கு அனுமதி இல்லை. 2016லிருந்து புதிய டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்டே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், கெஜட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன் மாதிரி. டிரைவர் வேஷத்தில் நாச நிரல்கள் உள்ளே நுழைவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு என்னுடையது. கதவைத் தட்டுவது யார் என்று எனக்குத் தெரியும், இருபது வருஷமாக என்னோடு இருந்த ஸ்கேனர். அதை உள்ளே விட எனக்கு அதிகாரம் உண்டா என்றால், உண்டு: ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரைகளைக் கடந்து போய், 7ஐ அமுக்க வேண்டும். அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் செல்லுபடி. அண்ணாச்சி இப்போது தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு 7ஐ அமுக்குகிறார்.

விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்று 2015ல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் அந்தக் கம்பெனியின் மாநாட்டு மேடையிலேயே சொன்னார். கம்பெனி அதை அடித்து மறுக்கவும் இல்லை. 2021ல் விண்டோஸ் 11 வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன: டிபிஎம் 2.0 சிப் வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். ஏழாம் தலைமுறை பிராசசர் ஒன்றும் பரணில் கிடந்த பழசல்ல, 2017ல் கடைகளில் விற்றது. பாதுகாப்பில் சமரசமே கிடையாது என்றார்கள். அப்புறம் ஒரு சங்கடம் தெரியவந்தது. மைக்ரோசாஃப்டே விலை உயர்ந்த பொருளாக விற்றுக்கொண்டிருந்த சர்பேஸ் ஸ்டூடியோ 2க்குள்ளும் ஏழாம் தலைமுறை பிராசசர்தான் இருந்தது. என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த பிராசசர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் மூச்சுக்கு மூச்சு சொன்ன பாதுகாப்புத் தத்துவம் அந்தப் பட்டியலைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்!

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. இதனால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023லேயே மதிப்பிட்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமா? 30 டாலர் கட்டலாம். காசில்லையா? உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்புகளை எங்கள் கணக்கில் ஏற்றிவிடுங்கள். அதுவும் பிடிக்கவில்லையா? எங்கள் தேடுபொறியில் தேடித் தேடிச் சேர்த்த ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1,000ஐக் கொடுங்கள். நுகர்வோர் அமைப்பு ஒன்று சண்டைக்குப் போனதும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்காரர்களுக்கு இந்தக் கப்பம் தளர்த்தப்பட்டது. அதே விண்டோஸ், அதே ஓட்டை, அதே அப்டேட். லிஸ்பனில் இருந்தால் இனாம், சாத்தூரில் இருந்தால் கப்பம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பழசுக்கு ஆதரவு தருவது தொழில்நுட்ப ரீதியாக இயலாது என்ற பேச்சைச் சாதாரண ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பியின் கதை முடிந்ததாக உலகுக்கு அறிவித்தார்கள். அதே மாதம் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்து எக்ஸ்பிக்கு ஒரு வருஷம் ஆயுள் வாங்கியது. 2015ல் அமெரிக்கக் கடற்படை 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஆக, இறப்புச் சான்றிதழ் விநியோகமானது நமக்கு மட்டும்தான். பிணம் வாஷிங்டனில் மாதாமாதம் அப்டேட் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தது. 2017 மேயில் வானாக்ரை என்ற நாச நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, எக்ஸ்பிக்கும் ஒட்டு ஒன்றை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது. பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. கோப்பைத் திறந்து பார்த்தால் அது பிப்ரவரியிலேயே தயாரானது. காசு கட்டியவர்களுக்காகச் செய்து, மற்றவர்களுக்குத் தராமல் மூன்று மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தது. வானாக்ரையில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7தான் என்று பிறகு தெரியவந்தது, சரி. அதனால் பெட்டிக்குள் வைத்திருந்தது நியாயமாகிவிடுமா?

பெரிய இடத்தில் பழசு ஒரு குற்றமே இல்லை. அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் அமைப்பு ஒன்று 2019 வரை 8 அங்குல பிளாப்பியை வைத்துக்கொண்டிருந்தது. யாரும் அங்கே போய் “இன்னுமா சார் பிளாப்பி?” என்று சிரிக்கவில்லை.

பிரிண்டர் கம்பெனிகளின் தயாள குணத்தையும் இந்த வரிசையில் பாடியாக வேண்டும். மலிவு விலை லேசர் பிரிண்டர் மலிவாக இருப்பதற்குக் காரணமே, பக்கத்தைக் கோர்க்கிற மூளையைப் பிரிண்டரிலிருந்து கழற்றிக் கம்ப்யூட்டரின் டிரைவருக்குள் வைத்ததுதான். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த எச்பி லேசர்ஜெட் 1020, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் தன் ஃபர்ம்வேரையே கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் கண் விழிக்கும். இந்த மாதிரி வடிவமைப்பில் டிரைவர் நின்றால் பிரிண்டரும் நின்றது. இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அதற்கும் முந்தைய டாட் மேட்ரிக்ஸோ, எழுத்தை அனுப்பினால் எழுத்தை அடிக்கும், விண்டோஸ் பதிப்பு என்ன என்று விசாரிக்காது. அந்தத் தயாள குணம் மையிலும் தெரிந்தது. 2016 செப்டம்பர் 13ஆம் தேதி எச்பியின் பல ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள், அதுவரை ஒழுங்காக வேலை செய்த மாற்றுக் கார்ட்ரிஜ்களைத் திடீரென்று மறுத்தன. 2024 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் தலைவர் என்ரிக் லோரஸ் டாவோஸில் மனம் திறந்தார். பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தாங்கள் போடும் முதலீடு, நிறைய அச்சடிக்காதவரும் தங்கள் மையை வாங்காதவரும் மோசமான முதலீடு என்ற பொருளில் பேசினார். நாம் பிரிண்டர் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். வாங்கப்பட்டது நாம்தான் போலிருக்கிறது.

வெள்ளைக்காரக் கம்பெனிகளைத் திட்டிவிட்டு நம் யோக்கியதையை மறைத்துக்கொள்ளவும் முடியாது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத புது கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையில் நிற்கின்றன. கடைக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று ஆளாளுக்கு ஒரு தமிழை விற்றார்கள். கூடவே ஒரு லாக்கையும் விற்றார்கள். யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது. தமிழக அரசு 1999ல் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரமாக்கியது. 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்று ஆணை போட்டது. ஆணை போட்ட பிறகும் எத்தனையோ அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். செம்மொழி என்று மேடையில் முழங்கிய வாய்க்கும் மேஜையில் அடித்த விரலுக்கும் தொடர்பே இருக்கவில்லை. அந்த விரல் அடித்த கோப்புகளில் தேடினால் எதுவும் கிடைக்காது. நிலத் தகராறில் மாட்டியவன் தன் அப்பன் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எழுத்துருவை டைப் 1 வடிவத்தில் வாங்கி வைத்தவர்களுக்கு இன்னொரு அடி. 2023 ஜனவரியோடு டைப் 1 எழுத்துருக்களை அடோபி தன் மென்பொருள்களிலிருந்து நீக்கியது. டைப் 1ஐ உலகுக்குக் கொடுத்ததே அடோபிதான்.

இவ்வளவுக்கு நடுவிலும் வேலை எப்படி நடக்கிறது என்றால், பெயர் தெரியாத ஆட்களால் நடக்கிறது. 378ஐத் தேடி பயாஸுக்குள் அரை நாள் அலைகிற சர்வீஸ் தம்பி. பழைய போர்டுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கிச் சோதித்து வைத்திருக்கிற ரிச்சி தெருக்காரர். எச்பி 1020 வகையறாவுக்கு லினக்ஸ் டிரைவரைக் கம்பெனியின் தயவில்லாமல் எழுதிப் போட்ட தனி மனிதர். கம்பெனிகள் கைகழுவிய ஸ்கேனர்களை ஆயிரக்கணக்கில் ஓட்டுகிற வியூஸ்கேன் மென்பொருள், மிகச் சிறிய ஒரு கடையின் சரக்கு. கோடிக்கணக்கில் லாபம் காட்டுகிற கம்பெனியால் முடியாது என்று சொல்லப்பட்ட வேலை இது. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரால்தான் பிறந்தது. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆசைப்பட்டார். மூல நிரலைக் கேட்டார், தர மறுத்தார்கள். அந்தக் கோபம் 1983ல் குனு திட்டமானது. அவர் கோபப்பட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தாள் இன்னும் சிக்குகிறது, நிரலை இன்னும் தர மறுக்கிறார்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லையா? இருக்கிறது, தூங்குகிறது. சட்டப்படி கையில் இருக்கும் மென்பொருளை அது எதற்காக வாங்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தப் பிரதி எடுக்கலாம், தகவமைத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு. ஒன்றோடொன்று சேர்ந்து இயங்க வைப்பதற்கு அவசியமான தகவலை, வேறு வழியில் கிடைக்காதபோது, தோண்டி எடுக்கவும் இடம் தருகிறது. கம்பெனிகளின் சொர்க்கமான அமெரிக்காவிலேயே, பழுதாகிப் போன, மாற்றுக் கிடைக்காத டாங்கிளைத் தாண்டிச் செல்வது குற்றமாகாது என்று 2003ல் விலக்கு அளித்தார்கள். இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தார்கள். கம்பெனிகளின் கஸ்டமர் கேர் நம்பர்கள் அதில் இருக்கின்றன. அதே நம்பர்கள்தான், அதே பாட்டுதான், காத்திருக்கச் சொல்கிற அதே குரல்தான்.

2022ல் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பங்கு டில்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் அமிலத்திலும் நெருப்பிலும் கரைகிறது. போர்டிலிருந்து தாமிரம் எடுக்கிறவர்கள் வெறுங்கையால் எடுக்கிறார்கள். ஸ்கேனருக்கு டிரைவர் தர மறுத்த கம்பெனியின் ஆண்டறிக்கையில் பச்சை இலைப் படம் போட்டு ஒரு அத்தியாயம் இருக்கும். சீலம்பூர்க்காரரின் நுரையீரல் எந்த அறிக்கையிலும் இருக்காது.

நான் கேட்பது கடன் தள்ளுபடி அல்ல, மானியமும் அல்ல. ஒரு பொருளுக்கு இனி டிரைவர் தர மாட்டேன் என்று கம்பெனி அறிவிக்கிற அன்றைக்கே, அதன் டிரைவர் நிரலையும் வன்பொருள் விவரத்தையும் பொதுவில் வைக்க வேண்டும். மென்பொருளைக் கைவிட்டால் லாக்கைத் திறந்துவிட வேண்டும். செய்ய மாட்டார்கள் என்றால் கட்டாயப்படுத்துகிற சக்தி ஒரே ஒருவரிடம் இருக்கிறது: லட்சக்கணக்கில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்குகிற அரசாங்கம். டெண்டர் நிபந்தனைகளில் இரண்டே வரி சேர்த்தால் போதும். எச்சில் தொட்டுப் புரட்டும்படி நூறு பக்கத்துக்கு நிபந்தனை எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டு வரி மட்டும் வராது. ஆனால் அந்த டெண்டரை ஆன்லைனில் போட, பழைய ஜாவா வேண்டும், பழைய பிரவுசர் வேண்டும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு அதனுடைய பழைய டிரைவர் வேண்டும் என்று கான்ட்ராக்டர்களை விரட்டியது இதே அரசாங்கம்தான். அதற்காகவே விண்டோஸ் 7 போட்ட பழைய சிஸ்டம் ஒன்றை இன்டர்நெட் அப்டேட்டெல்லாம் நிறுத்திவிட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிற ஆடிட்டர் ஆபீஸ்கள் உண்டு. அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். “அதைத் தொடாதீங்க சார், ஓடிக்கிட்டிருக்கு” என்பார்கள்.